கிட்ஹப்பில் நிரல் வைப்போருக்கு

கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளம். சிங்கப்பூர் அரசு 2020 ஏப்ரலில், கொரோனா தொற்றாளரோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய உதவும் ஓப்பன்டிரேஸ் நிரலைத் திறந்து வைத்ததும் அங்கேதான். பங்களிக்க வருவோர் அங்கே இருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்புக்கு, அதாவது பொதுக் களஞ்சியத்துக்கு, கட்டணமும் இல்லை.

சிக்கல் கோப்பின் அளவில் தொடங்கும். 100 எம்பியைத் தாண்டினால் ஏற்காது. தமிழ்ப் பேச்சுத் தரவு சேர்ப்போர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கோப்பை நீக்கி மறுபடி கமிட் செய்தாலும், அதாவது அந்த மாற்றத்தைப் பதிவு செய்தாலும், பயனில்லை, பழைய கமிட்டில் அது கிடக்கிறதே! வரலாற்றையே திருத்த வேண்டும். தவறுதலாக உள்ளே போய்க் கசிந்தது கடவுச்சொல் என்றால் முதலில் அதை மாற்றுங்கள், திருத்தம் பிறகு.

எனக்குப் பெரிய கவலை வேறு: கிட்ஹப் கைவிட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? 'கிட் குளோன் --மிரர்' கட்டளை நிரலை வரலாற்றோடு நகலெடுக்கும். திட்டத்தின் விளக்கப் பக்கங்களான விக்கியைத் தனியே எடுக்க வேண்டும். பிழைப் புகார்களும் அவற்றின் கீழ் நடந்த விவாதங்களும் அந்த நகலில் வரவே வராது. அவற்றை ஏபிஐ வழியாக, அதாவது நிரல் மூலம் தரவைக் கேட்டுப் பெறும் வழியில், மாதந்தோறும் இறக்கி வையுங்கள். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கோட்பெர்க்கிலும் ஒரு நகல் இருக்கட்டும்.