அரைத் தலையும் ஒரு மணி நேர ஓய்வும்

எங்கள் நிச்சயதார்த்தப் புகைப்படத்தை உற்றுப் பார்க்கிறவர்கள் ஒருவர் விடாமல் கேட்கும் கேள்வி, என் இடப்பக்கக் கிருதா வலப்பக்கத்தைவிட அரை விரற்கடை மேலே நிற்பது ஏன் என்பதுதான். இதற்கு முடிதிருத்தும் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2002ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி மாலை, அன்றைய மலேசியப் பிரதமர் டாக்டர் மகாதீர், அம்னோ கட்சியிலும் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியிலும் தாம் வகிக்கும் பதவிகள் அனைத்தையும் துறப்பதாக நேரடி ஒளிபரப்பில் அறிவித்தபோது, என் தலை சரியாகப் பாதி முடிந்திருந்தது.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையில் முடி வெட்டுவது ஆகாது என்று அம்மா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இரவு எட்டு மணிக்குக் காப்பார் என்ற ஊரில் பெண் வீட்டில் தட்டு மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை வரை வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே மாலை ஐந்து மணிக்குக் கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். உள்ளே நுழைய இடமில்லை. உலகக் கிண்ணக் காற்பந்தில் தென்கொரியா பினால்டியில் ஸ்பெயினை 5-3 என்று வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம் அது. அலமாரியின் மேல் இருந்த பதினான்கு அங்குலத் தொலைக்காட்சிக்கு எதிரே நின்றிருந்த கூட்டம், முடி வெட்ட வந்த கூட்டமன்று என்பது புரியவே எனக்குச் சிறிது நேரமாயிற்று. பந்தாட்டம் முடிந்ததும் பலர் கலைந்தார்கள். நான் நாற்காலியில் ஏறினேன்.

அதன் பிறகு அலைவரிசையை மாற்றச் சொன்னவர் ஓய்வுபெற்ற அரசாங்கக் கிராணி, அதாவது எழுத்தர், ஒருவர். புத்ரா உலக வாணிப மையத்தில் நடந்துகொண்டிருந்த அம்னோ மாநாட்டின் நிறைவுரையை அவர் பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால்தானே பிரதமரைத் திட்ட முடியும்? அந்தக் கடையில் அவருக்கென்று ஒரு மூலையும் ஒரு குறைப்பட்டியலும் இருந்தன. அரசு ஊழியர்கள் மார்பில் பெயர்ப்பட்டை குத்திக்கொள்ள வேண்டும் என்று ஆக்கியது, வேலைக்கு வந்த நேரத்தை அட்டையில் பதிய வைத்தது என்று தொடங்கி, அவருடைய தலையாய மனத்தாங்கலில் வந்து அது முடியும். “என்னை ஐம்பத்தைந்து வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருக்கு எழுபத்தாறு. இவருக்கு மட்டும் மாலை வாங்கக் காசில்லையா?” என்பார். இதை நான் வாரம் தவறாமல் கேட்டிருக்கிறேன். கேட்காத வாரம் அவருக்குக் காய்ச்சலோ என்று அண்ணன் ஆள் அனுப்பி விசாரித்ததும் உண்டு.

அண்ணன் வலப்பக்கத்தை முடித்துவிட்டு, இடப்பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசி, கத்தியை வாரில் தீட்டிக்கொண்டிருந்தபோது, திரையில் பிரதமரின் குரல் தழுதழுத்தது. என்ன சொன்னார் என்பது முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த கணம் அமைச்சர் ரஃபிடா அசிஸ் அழுதபடி மேடையை நோக்கி ஓடினார். இன்னும் சிலர் ஓடினார்கள். பிரதமரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கத்தி என் காதுக்குப் பக்கத்தில் காற்றில் நின்றது. அதைக் கீழே வைத்துவிடுங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

கிராணியார் எழுந்து நின்றார். அவர் முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. “அதற்குள்ளாகவா? எழுபத்தாறெல்லாம் ஒரு வயதா?” என்றார். அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஓர் ஓவியர்தான் வரைய வேண்டும்.

எனக்கே என்னவோ போலிருந்தது. மகாதீர் 1981ஆம் ஆண்டு ஜூலையில் பதவியேற்றபோது நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அடுத்த புத்தாண்டுக்கு முதல் நாள் இரவு பதினொன்றரை மணியைப் பன்னிரண்டாக்கி, தீபகற்பத்துக் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அதன் பிறகு இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, இருட்டிலேயே பள்ளிக்குப் போன தலைமுறை எங்களுடையது. காலையில் எழுப்பும்போது அழுகிற பிள்ளையிடம், “பிரதமரிடம் போய்க் கேள்” என்று அம்மாக்கள் சொன்ன காலம். வேறொரு பிரதமரைப் பார்த்த நினைவே இல்லாத எனக்கு, அவர் போகிறார் என்றதும் நாளைக் காலை எத்தனை மணிக்கு விடியும் என்ற ஐயம் வந்தது உண்மை.

செய்தி கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை நெடுகப் பரவியது. பக்கத்து இரும்புக்கடைத் தவ்கே, அதாவது சீன முதலாளி, காற்சட்டையோடும் கணக்குப் புத்தகத்தோடும் ஓடி வந்தார். 1998ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து ஓர் அமெரிக்க டாலர் 3 வெள்ளி (ரிங்கிட்) 80 காசு என்று கட்டிப்போட்டிருந்தார்களே, திங்கட்கிழமையும் அது 3 வெள்ளி 80 காசாகத்தான் இருக்குமா என்பது அவருடைய கேள்வி. அவருக்கு வெளிநாட்டிலிருந்து குழாய்கள் வரவேண்டியிருந்தன. அதற்கு விடை சொல்லும் தகுதி அந்தக் கடையில் யாருக்கு இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தவர், கடைசியில் என்னிடம் கேட்டார். எதிரே மாமாக் கடை என்னும் இந்திய முஸ்லிம் உணவகத்திலிருந்து தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், கொண்டுவந்த பையன், தட்டைக் கையில் வைத்தபடியே நின்று பார்த்துவிட்டு, யார் கேட்டது எது என்பதை மறந்து எல்லாருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். எனக்கடுத்த நாற்காலியில் இருந்த மலாய்ப் பெரியவர் கண் கலங்கி, கைக்குக் கிடைத்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது என் முடி ஒட்டிய துண்டு. அதன் பிறகு அவர் தும்மிய தும்மலை வெளியே நின்றவர்கள் விம்மல் என்று எண்ணி, உள்ளே வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

கடையில் வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. “பதவியில் இருக்கும்போதே போகிறேன் என்கிறாரா? தேர்தலில் தோற்காமலேயா?” என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

வாசலை ஒட்டி இருந்தது என் நாற்காலி. உள்ளே இடமில்லாததால் அஞ்சடியில் தேங்கியவர்களுக்குத் திரை தெரியவில்லை, நான் தெரிந்தேன். கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கன்னத்தில் நுரை, பாதித் தலை. “தம்பி, போய்விட்டாரா?” என்று காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாள் கேட்டார். “போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அம்மா, விடமாட்டேன் என்கிறார்கள்” என்றேன். அவர் அதைப் பின்னால் இருந்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, தெருமுனையை எட்டுவதற்குள் அது என்னவாக மாறியதோ தெரியவில்லை, சிறிது நேரத்தில் ஒருவர் மூச்சு வாங்க வந்து, “மேடையில் விழுந்துவிட்டாராமே!” என்றார். அன்று மாலை கிள்ளானில் உலவிய வதந்திகளில் ஒரு பங்குக்கு நானே மூலம் என்று இப்போதும் நம்புகிறேன். எல்லாம் நாடகம், நாளையே திரும்பி வருவார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கணிப்பிலும் பிழை இருந்தது. நாளை வரை ஆகவில்லை.

சுமார் ஒரு மணி நேரம். துணைப்பிரதமர் அப்துல்லா அகமட் படாவி வந்து, பிரதமர் தம் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள இணங்கிவிட்டார் என்று அறிவித்தார். கூட்டம் பெருமூச்சு விட்டது. தவ்கே கணக்குப் புத்தகத்தை மூடினார். யாரும் பணம் கொடுக்காத தே தாரிக்குகளுக்காக மாமாக் கடைப் பையன் ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினான். கிராணியார் மட்டும் நிதானமாகத் தம் மூலையில் போய் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “பார்த்தீர்களா, போகமாட்டார் என்று நான்தான் சொன்னேனே! என்னை ஐம்பத்தைந்தில்...” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

விட்ட இடம் தெரியாமல் போனது அண்ணனுக்குத்தான். நுரை காய்ந்து என் கன்னம் பலகைபோல் இறுகியிருந்தது. மணி ஏழாகப் போகிறது என்று நான் பதறியதில் அவரும் பதறி, மறுபடி நுரை பூசி, ஒரே இழுப்பில் கிருதாவை ஏற்றிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அவரும் பார்த்தார். “வலப்பக்கத்தையும் ஏற்றிவிடட்டுமா, தம்பி?” என்றார். வேண்டாம், இப்படிச் சமன்செய்துகொண்டே போனால் காப்பாருக்கு மொட்டைத் தலையோடுதான் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பெண் வீட்டில் என் கிருதாவை யாரும் கவனிக்கவில்லை. பெரியவர்கள் பிரதமரைப் பற்றிப் பேசினார்கள்; பெண்ணின் தம்பிமார் செனகலும் துருக்கியும் ஆடிய ஆட்டத்தைப் பின்னறையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தட்டு மாற்றும் நேரத்தில் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. கவனித்தவர்கள் இருவர். ஒருவர் அம்மா, “சனிக்கிழமை” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். இன்னொருவர் இன்று என் மனைவி.

பிரதமர் பிறகு ஒப்புக்கொண்ட கெடுவின்படி உண்மையாகவே விலகியது 2003ஆம் ஆண்டு அக்டோபர் 31இல். அந்த நாள் எப்படிப் போயிற்று என்பதே எனக்கு நினைவில்லை. பதினாறு மாத அவகாசம் கொடுத்துவிட்டால் யார்தான் அழுவார்கள்? பிறகு 2018ஆம் ஆண்டு மே மாதம், தொண்ணூற்றிரண்டு வயதில், தாம் தலைமை தாங்கிய கட்சியையே தோற்கடித்து அவர் மீண்டும் பிரதமரானார். கிராணியார் அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் தமக்கும் பழைய வேலையைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருப்பார்.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 24இல் மகாதீர் மறுபடியும் பதவி விலகினார். அன்று மாலை முடி வெட்டிக்கொள்வதாக இருந்தேன். மனைவி வாசலிலேயே மறித்து, “இந்த விவகாரம் ஓயட்டும், பிறகு போகலாம்” என்றாள். மார்ச் முதல் நாள் புதிய பிரதமர் பதவியேற்றார். எனக்கு ஜொகூரில் வேலை வந்தது. மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, நாட்டிலுள்ள முடிதிருத்தும் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. ஜூன் 10 வரை திறக்கவில்லை. மே மாத இறுதியில் என் தோற்றத்தைப் பொறுக்க மாட்டாமல் மனைவியே கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய சேலைத் துணியைக் கழுத்தில் சுற்றி, வரவேற்பறையில் என்னை உட்கார வைத்து, வலப்பக்கத்தில் தொடங்கினாள். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. துன் மகாதீர், தாம் தொடங்கிய கட்சியிலேயே உறுப்பினர் தகுதியை இழந்தார் என்று வாசித்தார்கள். கத்தரிக்கோல் காற்றில் நின்றது.

“முதலில் தொலைக்காட்சியை அணை” என்றேன்.

அவள் அணைக்கவில்லை. செய்தியை முழுக்கக் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலைச் சரக்கென்று ஓட்டி, இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இந்த முறை வலப்பக்கம் மேலே போய்விட்டது. அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சரியாகிவிடும்” என்றாள்.