வாரங்கல் வரை போன நீலப் பை

விஜயவாடாவில் இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் தோளில் ஒன்றும் தொங்கவில்லை என்பது உறைத்தது. பெரிய பை காலடியில் இருந்தது. நீல நிறச் சின்னப் பையைக் காணோம். எஸ்5 பெட்டி, 30ஆம் எண் மேல் படுக்கை. அதைத் தலைமாட்டில் சுவரோரமாக வைத்துத் தூங்கியிருந்தேன். சென்னையில் இரவு 10 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே விஜயவாடா வந்துவிடும். அலாரம் அடித்தும் அசந்துவிட்டேன். வண்டி நின்றதும் பதறி எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பெரிய பையை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

திரும்பி ஓடினேன். வண்டி போய்விட்டது.

லாரி எடைமேடைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மல்டிமீட்டர், ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர் செட், மேடையின் கேபிள்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸை மாற்றுவதற்காகக் கொண்டுபோன புதுசு எல்லாம் அந்தப் பையில்தான். கூடவே அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். வெளியூர் போனால் மூன்றாம் வேளைக்குமேல் ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. அது அம்மாவுக்குத் தெரியும்.

ஆட்டோக்காரர்தான் 139க்குப் போன் பண்ணச் சொன்னார். ரயிலில் எது நடந்தாலும் இந்த ஒரே எண்தான். தமிழிலும் பேசலாம். பத்து இலக்க பிஎன்ஆர் எண், பெட்டி, படுக்கை எண், எந்த ஸ்டேஷனில் இறங்கினேன், பை என்ன நிறம், உள்ளே என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார்கள். டிக்கெட் போனில் இருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. இந்த நேரத்தில் ஒரு நிமிஷம்கூடப் பெரிசு. வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, மேல் படுக்கைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டால் பை இடம் மாறிவிடும். புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. ரயில்மதத் செயலியிலும் அதே விவரத்தைப் பதியலாம் என்று பிறகு தெரிந்தது.

லாட்ஜுக்குப் போனேன். குளிக்கலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, 7 மணிக்குத்தான் மோட்டார் போடுவார்களாம். கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை கல் மாதிரி இருந்தது, சாயக்கூட முடியவில்லை. எட்டு மணி வாக்கில் அழைப்பு வந்தது. வாரங்கல்லில் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் பெட்டியில் ஏறிப் பையை எடுத்து இறக்கி வைத்துவிட்டார்கள். பயணிகள் தவறவிட்ட சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் இந்த வேலைக்கு அவர்கள் ‘ஆபரேஷன் அமானத்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வாரங்கல் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அன்றைக்கு ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலையில் வேலையை முடித்தாக வேண்டும்.

ஆலை எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். தன் மல்டிமீட்டரையும் ஸ்பேனர்களையும் அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். மேடையின் ஒரு மூலையில் மட்டும் எடை குறைவாகக் காட்டுகிறது என்பது புகார். குழிக்குள் இறங்கிப் பார்த்தால் அந்த மூலையில் எடையை உணரும் லோடு செல்லின் கேபிளை எலி கடித்திருந்தது. ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி. புதுசு கையில் இல்லாததால் பழையதையே துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, கேபிளை வெட்டிச் சேர்த்து, ரப்பர் வாஷரை மாற்றினேன். பிறகு ஒரே லாரியை முன்னால், நடுவில், பின்னால் என்று நிறுத்தி நிறுத்தி எடை பார்த்தோம். மூன்று இடத்திலும் ஒரே எண் வந்தபோது மாலை ஆறு. நெல் கொண்டுவருகிற விவசாயிக்கு இந்த எண்தான் காசு. அதனால் இதில் நான் அவசரப்படுவதே இல்லை.

மறுநாள் காலை கவுன்டரில் பொது டிக்கெட் எடுத்து வாரங்கல் போனேன். ஆதார் நகல், டிக்கெட், பை என்னுடையது என்று கையால் எழுதிய ஒரு கடிதம், இவ்வளவுதான் கேட்டார்கள். பையைக் கண்ணில் காட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார் அங்கிருந்த ஏட்டு. அவர் முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. மீட்டர், ஸ்பேனர், பாக்ஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“இன்னும் ஒன்று இருக்கிறதே” என்றார் இந்தியும் தெலுங்கும் கலந்து.

“பாட்டில். பருப்புப் பொடி.” அவருக்குப் புரியவில்லை. பிறகு தெலுங்குப் பெயர் ஞாபகம் வந்தது, “கந்திப்பொடி!”

அவர் முகம் மலர்ந்தது. “அம்மா செய்ததா?” என்று கேட்டுவிட்டுப் பையை என் பக்கம் நகர்த்தினார். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பைசா வாங்கவில்லை. டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

மாலையில் விஜயவாடா திரும்பி, இரவு வண்டியில் சென்னை. சென்ட்ரலிலிருந்து எழும்பூர் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். அங்கிருந்து ஊருக்குப் போகும் பகல் வைகை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சு நிதானமானது. பையை மடியிலேயே வைத்திருந்தேன். இப்போது எந்த ஊருக்குக் கிளம்பினாலும் பையைத் திறந்து ஒரு போட்டோ, மூடி ஒரு போட்டோ எடுத்துவிடுகிறேன். இறங்கும்போது மேல் படுக்கையைக் கையால் தடவிப் பார்க்காமல் நகர்வதில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது இரவு பத்தாகிவிட்டது. அம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டு அலுமினிய வாளி, விளிம்பு நசுங்கிய சொம்பு. தலையில் ஊற்ற ஊற்ற மூன்று நாள் புழுதி இறங்கியது. கொடியில் காய்ந்த, சோப்பு வாசம் மாறாத என் துண்டு. பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

“பொடியைத் தொடவே இல்லையா?” என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார் அம்மா.

“அது வாரங்கல் வரைக்கும் போய்விட்டு வந்ததும்மா.”

முழுக்கதையையும் சொன்னேன். ஏட்டு கேட்டதைச் சொன்னபோது மட்டும் அம்மா, “அவருக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாமேடா” என்றார். மூடியைத் திறந்து சூடான சோற்றில் இரண்டு கரண்டி போட்டு, நல்லெண்ணெயை ஊற்றினார்.