சுழலும் சதுரங்கள்: கீலின் தடிமனில்தான் சூட்சுமம்

ரப்பரை இழுத்தால் நீளும், இடை மெலியும். அதன் பாய்சான் விகிதம், அதாவது நீளும் வீதத்தோடு ஒப்பிட்டால் அகலம் குறையும் வீதம், ஏறக்குறைய 0.5. இழுக்கும்போது அகலமும் கூடுகிற தகடு எனக்கு வேண்டும். பொருளை மாற்றத் தேவையில்லை, உள்வடிவத்தை மாற்றினாலே போதும் என்பதுதான் மெட்டாமெட்டீரியலின் அழகு.

எடுத்துக்கொண்டது, ஆய்வாளர்கள் கிரிமாவும் எவான்ஸும் 2000இல் விளக்கிய சுழலும் சதுரங்கள். மூலைகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சதுரங்கள் இழுக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராகத் திரும்புகின்றன. இடைவெளிகள் சாய்சதுரங்களாகத் திறக்கின்றன. சதுரம் வளையாமல், மூலை இணைப்பான கீல் தடையின்றித் திரும்பினால் விகிதம் சரியாக -1: நீளும் அளவுக்கே அகலமும் கூடும்.

3டி பிரிண்டரில், வளையும் டிபியூ இழையால், 10 மி.மீ. சதுரங்களாக அச்சிட்டேன். கீல் 1.2 மி.மீ. இருந்தபோது தகடு முரண்டு பிடித்தது, சதுரங்களே வளைந்தன. 0.8க்கு இறக்கியதும் மளமளவென்று திறந்தது. வளைவுக்கான விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒன்றரை மடங்கு தடித்த கீல் மூன்று மடங்குக்கும் மேல் எதிர்க்கும். சதுரங்களுக்கு இடையிலான வெட்டு முடியும் முனையில் சிறு வட்டத்துளை வைத்த பிறகு கிழிசலும் நின்றது.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேல் விளிம்பை இறுகப் பிடித்தால் அங்கே அகலம் கூடவே முடியாது. அதனால் மேல்வரிசைச் சதுரம் ஒவ்வொன்றையும் தனித்தனி நூல் வளையத்தில், வழுக்கும் கம்பியில் தொங்கவிட்டேன். நடுச் சதுரங்களில் புள்ளியிட்டு, இழுப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்டேன். விகிதம் -1ஐ நெருங்கியது. அந்தப் படங்களை இன்னும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, கையை எடுத்த பிறகும் புதிய வடிவத்திலேயே நிற்கவேண்டும். அதற்கு வளைந்த இரட்டை உத்தரங்கள். ஆய்வாளர்கள் கியூ, லாங், ஸ்லோகம் மூவரும் 2004இல் காட்டியபடி, வளைவின் உயரம் தடிமனைப்போல் 2.31 மடங்குக்கு மேல் இருந்தால் உத்தரம் புரண்ட நிலையிலும் நிற்கும். அவர்கள் அதைச் செய்தது சிலிக்கானில், நுண்ணளவில். இது வெறும் விகிதம் என்பதால் மைக்ரானுக்கும் மில்லிமீட்டருக்கும் ஒரே கணக்குத்தான். நுண்ணளவில் புதிதாக முளைக்கும் எதிரி பரப்பு இழுவிசை: திரவம் உலரும்போது மெல்லிய உத்தரங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அதனால்தான் ஆய்வகங்களில் மீமாறுநிலை (திரவம், வாயு என்று பிரிக்கமுடியாத நிலை) கார்பன் டை ஆக்சைடு கொண்டு உலர்த்துகிறார்கள்.

என் அளவில் சிக்கல் டிபியூவின் மெதுவான தளர்வு. எல்லையை ஒட்டிச் செய்த உத்தரம் சிறிது நேரம் புரண்டு நின்றுவிட்டுத் தானே திரும்பிவிடுகிறது. அடுத்த அச்சுக்கு உயரம்-தடிமன் விகிதத்தை 4 என்று வைத்திருக்கிறேன்.