மாமிட வான்கோழியும் மச்சான்ட சிலேட்டும்

மச்சான் இருக்கிறது கனடாவில, ஒன்டாரியோவில. போன டிசம்பர் மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைக்கு வந்தவன் சூட்கேசத் திறந்தா சொக்லேட்டுக்கு நடுவுல டின்மீன் மூடி அளவுல வட்டமா ஒரு சாமான், மேல சிலேட்டுக் கல்லு, கூட ஒரு தடி. காட்டு வான்கோழிய கூப்பிடுறதாம். அங்க ஏப்ரல் 25 தொடங்கி மே 31 மட்டும் வசந்தகால சீசன், அப்ப தாடி வச்சதை மட்டும்தான் சுடலாம், நெஞ்சில மயிர்க்கத்தையா தொங்குமே அதான் தாடி.

இஞ்ச ஒரு காட்டுக்கோழியத் தொட்டாலே கேஸ். ஆனா மாமிட வளவில ரெண்டு சேவல் அஞ்சு பேடு நிக்குது, காட்டு வான்கோழியும் இதுவும் ஒரே இனம்தான், அந்தக் காலத்தில மெக்சிக்கோப் பக்கம் பழக்கினது, அதால பாஷையும் ஒண்டுதான் எண்டான் மச்சான்.

தடிய பேனை பிடிக்கிற மாதிரி பிடிச்சு, கல்லுல இருந்து எடுக்காம சின்னச் சின்ன வட்டமா இழுக்கணும், "கியொக் கியொக் கியொக்" எண்டு வரும், அது யெல்ப், பேடு நான் இஞ்ச நிக்கன் எண்டு சொல்றது. சட்டெண்டு ஒரு இழு இழுத்தா "டொக்", அது கிளக். அமத்தாம மெல்ல இழுத்தா "க்ர்ர்ர்", வயிறு நிறைய மேயக்குள்ள வாற சத்தம், பர் எண்டுவாங்களாம். நான் கிளக்க கொஞ்சம் பலமா இழுத்துட்டன், அஞ்சு பேடும் கழுத்த நீட்டிப் பாத்துட்டு வேலிப்பக்கம் ஓட்டம், கேட்டா அதுக்குப் பேர் "பட்" எண்டான், ஆபத்து எண்டு சொல்ற சத்தமாம். மாமி குசினிக்க இருந்து, "புள்ள, உன்ட புருசனுக்கு என்ன கா நடந்த?" எண்டாவு.

மறுகா நான் விடாம யெல்ப் அடிச்சன், பெரிய சேவலும் விடாம "கொப்ளொப்ளொப்ளொப்" எண்டு பதில் குடுத்துது, வால விரிச்சு செட்டைய நிலத்தில உரசுது, ஆனா கிணத்தடிய விட்டு ஒரு அடி வரல்ல. மச்சானுக்கு ஒரே சிரிப்பு. வழக்கம் என்னெண்டா சேவல்தான் கத்தும் பேடுதான் தேடிப் போகும், நாம அதைத் தலைகீழா செய்யப் பாக்கம், நீ கத்திக்கிட்டே இருந்தா அவள்தான் வாறாளே எண்டு அவர் நிண்ட இடத்திலயே மாப்பிள்ளைக் கோலத்தில நிப்பார். அவன் பதில் சொல்லிட்டானா, வாயப் பொத்து எண்டான்.

பொத்தினம். பத்து நிமிசம் இருக்கும், நுளம்புக்கடி வேற. ஒருக்கா மட்டும் பர், மச்சான் கையால முருங்கைச் சருகைக் கிளறினான், பேடு கிளறுற மாதிரி. ஆள் கிணத்தச் சுத்தி வந்து எங்களுக்கு முன்னால நிக்கிறார்!

சேவல் சத்தம் போடுற சாமானும் விக்கிறாங்களாம், ஆனா காட்டுக்க அதை அடிச்சா இன்னொரு வேட்டைக்காரன் உன்னையே சேவல் எண்டு நினைச்சு சுட்டுருவான், அதால இவன் வாங்கல்ல.

போகக்குள்ள சிலேட்ட எனக்குத் தந்துட்டுப் போனான். மாரி ஈரம் ஏறி இப்ப ஊமையாக் கிடக்கு, சான்ட் பேப்பரால லேசா உரசினா சரிவருமாம், டவுனுக்குப் போகக்குள்ள வாங்கணும்.