சாய்ந்த மரங்களோடு மூன்று வாரம்

காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் தோட்டத்துக்குள் போனால் ஏழு மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முறிந்த கிளைகளை எண்ணவே முடியவில்லை. வேலிமேல் ஒன்று, வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஒன்று, பாதைக்குக் குறுக்கே ஒன்று. பார்த்ததும் கை பரபரத்தது, ஆனாலும் அன்று முழுக்கச் சுற்றி நடந்து பார்த்ததோடு சரி. அப்படிப் பார்த்ததால்தான் வேலியோரம் இலைகளுக்குள் அறுந்து கிடந்த மின்கம்பி கண்ணில் பட்டது. மின் ஊழியர்கள் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று சொல்லும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

மறுநாள் முதலில் வாய்க்கால், தண்ணீர் தேங்கினால் நிற்கிற மரங்களின் வேரும் அழுகிவிடும் என்பதால். மிலாறுகளை, அதாவது மெல்லிய கொப்புகளை, அரிவாளால் கழித்து ஒதுக்கிய பிறகு அடிமரத்தை அறுக்க மெஷினை எடுத்தேன். அங்கேதான் முதல் தப்பு. மரத்தின் இரண்டு முனையும் மேட்டில் இருந்தன, நடுவில் தாங்கல் இல்லை, நான் மேலிருந்தே நேராக அறுத்துக்கொண்டு போனேன். பாதி தாண்டியதும் வெட்டு வாய் மூடி பிளேடை அப்படியே கவ்விக்கொண்டது. ஆப்பு அடித்து அதை வெளியே எடுக்க அரை நாள் போயிற்று. இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால் மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். அதனால் மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் அப்படியே தலைகீழ், முதல் வெட்டு கீழே. எந்தப் பக்கம் நெருக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் என்று மனதில் போட்டுக்கொண்டேன், அதற்கப்புறம் பிளேடு ஒருமுறைகூட மாட்டவில்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது வேர்க்கட்டைப் பார்த்துத்தான். வேர் பெயர்ந்து சாய்ந்த மரத்தில், ஆள் உயரத்துக்கு மண்ணோடு வேர் நிமிர்ந்து நிற்கும், பின்னால் பெரிய பள்ளம் இருக்கும். அதைச் சாய்த்துப் பிடித்திருப்பதே அடிமரத்தின் கனம்தான். மரத்தை அறுத்துவிட்டால் அந்த வேர்க்கட்டு சட்டென்று பள்ளத்துக்குள் திரும்பி உட்கார்ந்துவிடும். எங்கள் மரம் ஒன்று அப்படித்தான் தொம்மென்று உட்கார்ந்தது, காலடி மண்ணே அதிர்ந்தது. நல்லவேளை, அறுக்கத் தொடங்கும் முன்பே பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தியிருந்தேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது மறக்காதீர்கள், அந்தப் பள்ளம் அவர்களுக்கு விளையாட்டு இடம் மாதிரிதான் தெரியும்.

உயரத்தில் முறிந்து மற்ற கிளைகளில் தொக்கி நின்றவற்றை நான் தொடவில்லை. மரம் ஏறி வெட்டிப் பழகியவரைக் கூப்பிட்டேன், அவர் வரும்வரை அதன் அடியில் நடக்கவும் இல்லை. பிய்ந்து தொங்கிய கிளைகளை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே சுத்தமாக அறுக்கச் சொன்னேன். காயத்துக்குப் பெயின்டும் தாரும் பூசவில்லை, அந்த வளையத்திலிருந்துதான் மரம் தானாகக் காயத்தை மூடும். சாய்ந்திருந்த இளம் கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துத் தளர்வாகக் கட்டினேன்.

அப்புறம் மரத்தை என்ன செய்வது? மிலாறையும் சிறு கொப்பையும் சிறுசிறு துண்டாக வெட்டி மரங்களைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டேன், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி. பச்சை மரத்தூளை மண்ணுக்குள் கலந்துவிடாதீர்கள், அது மட்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், மேலாகக் கிடந்தால் பிரச்சினை இல்லை. விறகைப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டேன். காய ஆறு மாதமாவது ஆகும், கெட்டி மரமாக இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும் போகும். முனையில் வெடிப்பு விழுந்து, இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது, சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பின்பக்க வரப்போரம் கிடக்கும் பெரிய அடிமரத்தை மட்டும் எடுக்கவில்லை. யார் வழியிலும் அது இல்லை. பட்டைக்கு அடியில் இப்போதே வண்டுகள் குடியேறிவிட்டன, அவற்றைக் கொத்தப் பறவைகளும் வருகின்றன. அது அங்கேயே மட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.