இடது பக்கம் வந்து பேசுங்கள்

9 ஜூன் 2024, ஞாயிறு

வங்கியிலிருந்து பணி ஆணை வந்துவிட்டது. எழுத்தர் வேலை, 24-ஆம் தேதி சேர வேண்டும். பத்தாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போனவன் நான். பதினைந்து வருடத்துக்கு மேல் சர்வீஸும் ராணுவச் சிறப்புக் கல்விச் சான்றிதழும் இருந்தால் முன்னாள் படைவீரரைப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். பொதுத்துறை வங்கி எழுத்தர் பணியிடங்களில் நமக்கு 14.5 சதவீதம் ஒதுக்கீடு. ஊனமடைந்தவர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உரிய 4.5 சதவீதம் அதற்குள்ளேயே அடங்கும். 44 வயதில் இரண்டாவது தடவையாக ஒரு வேலையில் சேரப் போகிறேன்.

காலையிலேயே டீக்கடையில் பேச்சு வந்துவிட்டது. "காது கேக்கலைன்னு கவர்மெண்ட் பணம் குடுக்குது, இப்ப வேலைக்கும் போறானாம்." சொன்னவர் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காதில் எனக்கு விழாது என்று நினைத்திருப்பார். பக்கத்தில் இருந்த பையன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். பதில் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

12 ஜூன், புதன்

வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். டிசெபிலிட்டி பென்ஷன் நின்றுவிடுமா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நிற்காது. உடம்பில் பட்ட சேதத்துக்குக் கொடுப்பது அது, சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இல்லை. பணி முடிந்து வெளியே வரும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு எனக்கு வாழ்நாள் முழுக்க 20 சதவீத ஊனம் என்று போட்டது. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்று எடுத்துக்கொள்ளும் முறை முதலில் உடல்நிலை காரணமாக இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்தினவர்களை நான் பார்த்ததில்லை. மாதாமாதம் நினைத்துக்கொள்கிறேன்.

கணக்கு இதுதான். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 50-க்கு அதில் பாதி, அதாவது 15. என் கடைசிச் சம்பளம் 54,000. ஆக, 8,100. சர்வீஸ் பென்ஷன் 27,000 தனி. இரண்டின் மேலும் அகவிலைப்படி.

அங்கே இருந்த சுபேதார் ஐயா ஒன்று சொல்லி அனுப்பினார்: "தம்பி, பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அகவிலைப்படி விஷயத்துல ஜாக்கிரதை." வங்கியில் தொடக்கச் சம்பளத்திலேயே வைத்தால் பென்ஷன் மேல் அகவிலைப்படி தொடரும். பழைய ராணுவச் சம்பளத்தைக் காப்பாற்றி அதற்கு மேலே வைத்தால் பென்ஷனின் அகவிலைப்படி நிற்கும், ஏனென்றால் அந்தச் சம்பளத்தின் மேல் வங்கியே கொடுக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டு, ஆறு வருடம் கழித்து மொத்தமாகப் பிடித்தம் வந்த ஒருவரின் கதையையும் சொன்னார். கேட்கவே கஷ்டமாக இருந்தது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமாம்.

24 ஜூன், திங்கள்

சேர்ந்துவிட்டேன். கையெழுத்து, போட்டோ, இன்னும் கையெழுத்து.

18 ஜூலை, வியாழன்

இன்று கேஷ் கவுண்டர். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

எனக்குச் சத்தமே கேட்காது என்று இல்லை. பீரங்கி தின்றது மேல்சுருதியை. லாரி ஓடுவது கேட்கும், மேளம் கேட்கும். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், வார்த்தையில் வரும் 'ச'வும் 'க'வும் கரைந்துவிடும். சத்தம் வரும், சொல் வராது. அதோடு காதுக்குள் சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம், ராத்திரி பகல் பார்க்காமல். 24 வருடம் 105 எம்.எம். பீரங்கி பக்கத்தில் நின்றிருக்கிறேன். தேவ்லாலியில் பீரங்கி சுடும் திடலில் ஒரு நாள் பயிற்சி முடிந்தால் மறுநாள் மதியம் வரை எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அப்போது அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. காதில் பஞ்சு வைப்போம், கட்டளை கேட்கவில்லை என்று எடுத்துவிடுவோம். பின்னால் ராணுவத்தில் உடல்தகுதியை அளக்கும் 'ஷேப்' கணக்கில் செவிக்கு உரிய எழுத்தில் 3 விழுந்தது, அதாவது தகுதி குறைந்தது. ஹவில்தாருக்குக் கிடைக்கும் இரண்டு வருட நீட்டிப்பும் அதனால் போயிற்று.

சரி, கவுண்டர். முன்னால் கண்ணாடி, நடுவில் கையளவு ஓட்டை, தலைக்கு மேல் ஃபேன், பின்னால் நோட்டு எண்ணும் மெஷின். ஒரு பாட்டி வந்தார். எழுதத் தெரியாது, கைநாட்டு. ஆறாயிரமா ஏழாயிரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று தடவை கேட்டேன். வரிசையில் பின்னால் முணுமுணுப்பு. பாட்டி கோபப்படவில்லை. ஓட்டை வழியாக ஒரு கையின் ஐந்து விரலையும் இன்னொரு கையின் இரண்டு விரலையும் காட்டினார்.

சாயங்காலம் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஃபைலில் ஊனம் என்று இருக்கிறது, ஆனால் எந்தக் காது, எது கேட்காது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். நாளையிலிருந்து சுவர் ஓரக் கவுண்டர். வாடிக்கையாளர் என் இடப்பக்கம் வருவார். மெஷினும் அடுத்த மேசைக்குப் போகிறது. ஒரு நிமிடப் பேச்சு. மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப் போட்டிருக்கிறேன். பீரங்கிப் பிரிவில் காது கேட்கவில்லை என்று சொன்னால் பீரங்கியிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அப்போது. அது இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

17 ஆகஸ்ட், சனி

முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் மூலம் காது மெஷின் கிடைத்தது. முதல் நாள் ஸ்பூன் விழுந்த சத்தத்துக்கே திடுக்கிட்டேன். அப்புறம் பழகியது. பாப்பா 'சித்தப்பா' என்று சொல்லும்போது முதல் எழுத்து கேட்கிறது.

25 அக்டோபர், வெள்ளி

சம்பள நிர்ணய ஆணை வந்தது. ராணுவத்தில் கடைசியாக வாங்கியதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி ரேங்குக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பென்ஷனைச் சம்பளத்தில் கழிப்பதில்லை. ஜூனிலிருந்து அரியர்ஸ் வரும். வீட்டில் பாயசம்.

அதோடு ஜூன் 24 முதல் பென்ஷன் மேல் வாங்கிய அகவிலைப்படி என் பணம் இல்லை என்றும் ஆகிறது. ஜூனில் 50 சதவீதம், ஜூலையிலிருந்து 53. பேப்பரில் போட்டுப் பார்த்தேன், எழுபதாயிரத்துக்கு மேல் வருகிறது. அரியர்ஸிலிருந்து அந்தத் தொகையைத் தொடாமல் தனியாக வைக்கச் சொன்னேன். மனைவி ஒரு நிமிடம் பேசவில்லை. "உன் தங்கச்சி வளைகாப்பு இருக்கே" என்று நானே ஆரம்பித்தேன். "அதுக்கு வேற பாத்துக்கலாம், இதை முதல்ல முடிங்க" என்றாள்.

இரவே பென்ஷன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, ஆணை நகலை இணைத்துவிட்டேன்.

9 நவம்பர், சனி

இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. வாழ்வுச் சான்றுக்கு இ-சேவை மையம் போனேன். விரல் ரேகை வைக்கும் முன் திரையில் ஒரு கேள்வி: மறுபணியில் இருக்கிறீர்களா? உட்கார்ந்திருந்த பெண் 'இல்லை'யில் கொண்டுபோய் வைத்தாள். "எல்லாரும் இப்படித்தான்ணா போடுறாங்க, ஆமான்னு போட்டா எதாவது பிரச்சனை வரும்."

"ஆம்னு போடும்மா" என்றேன்.

அவள் தயங்கினாள். என் நல்லதுக்குத்தான் சொல்கிறாள், தெரிகிறது. ஆனால் டீக்கடையில் கேட்ட அந்த வாக்கியத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் என் காகிதங்கள்தான். 8,100 எனக்கு உரியது, அதில் ஒரு ரூபாயையும் விடமாட்டேன். உரியது இல்லாததை வைத்துக்கொண்டு அந்த 8,100-ஐ நிமிர்ந்து நின்று கேட்க முடியாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. ஆம் என்று போட்டாள். ரசீதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பெரியப்பா வீடு. 1971 போரில் கிழக்குப் பாகிஸ்தான் பக்கம் போனவர். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்தில் இருக்கும் ஊர்களில் இந்த வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். அவர் காலத்தில் அதற்காக யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் மெஷினைக் கழற்றி அவர் காதில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். கொல்லையில் கோழி கத்தியது. "இது இங்கதான் இருக்கா?" என்று கேட்டார்.

அவருக்கும் ஈ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறது. அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன்.

31 டிசம்பர், செவ்வாய்

பென்ஷன் வந்தது. ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் சீட்டைத் திறந்து மனைவியை வாசிக்கச் சொன்னேன். இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். சர்வீஸ் 27,000. டிசெபிலிட்டி 8,100. அகவிலைப்படி எதுவும் இல்லை, பழைய நான்கு மாதத்துக்குத் தவணையில் பிடித்தம் தொடங்கியிருக்கிறது.

"எட்டாயிரத்து நூறு அப்படியே இருக்கு" என்றாள், இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.