லூசியின் ஊர்: ஜேம்ஸ்டவுனில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

நியூயார்க் மாநிலம் என்றதும் மன்ஹாட்டனை நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஜேம்ஸ்டவுன் இருப்பது அந்த மாநிலத்தின் தென்மேற்கு ஓரத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி. நியூயார்க் நகரத்திலிருந்து 600 கி.மீ.க்கு மேல். பஃபலோவிலிருந்து என்றால் சுமார் 120, பென்சில்வேனியாவிலுள்ள ஈரி நகரத்திலிருந்து சுமார் 80. பஃபலோ பக்கமிருந்து வருகிறவர்கள் இன்டர்ஸ்டேட் 90இல் மேற்கே வந்து, 59ஆம் எக்சிட்டில் இறங்கி, 60ஆம் எண் சாலையில் தெற்கே பிடித்தால் நேராக ஊருக்குள் கொண்டுவந்து விடும். டொரோண்டோ தமிழர்களுக்கு இது எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜ் வழியாக மூன்று மணி நேரம் சொச்சம். எல்லையில் வரிசை நின்றால் அதற்கு மேல். கனடாவில் நிரந்தரக் குடியுரிமை இருந்தாலும், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஜிபிஎஸ்ஸில் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்து அடியுங்கள். வர்ஜீனியாவிலும் ஒரு ஜேம்ஸ்டவுன் இருக்கிறது, நார்த் டகோட்டாவிலும் ஒன்று.

சுவீடனிலிருந்து குடியேறியவர்கள் மரச்சாமான் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து வளர்த்த ஊர். இங்கேதான் 1911 ஆகஸ்ட் 6 அன்று நகைச்சுவை நடிகை லூசில் பால் பிறந்தார். 1951 அக்டோபர் 15 முதல் 1957 மே 6 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 180 பகுதிகள் ஓடிய ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடரின் லூசி. வருகிறவர்களில் பலர் சுவர் ஓவியங்களுக்கு முன் நின்று படமெடுத்து, போல்கா புள்ளி போட்ட கோப்பை ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவ்வளவுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம். திரையில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்த அந்தப் பெண், வேலையில் எவ்வளவு கறாரானவர் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இங்கே வர வேண்டும்.

நகரத்துக்குள் போகாமல் முதலில் செலரானுக்குப் போங்கள். ஃபேர்மவுண்ட் அவென்யூவில் மேற்கே போய் டன்ஹாம் அவென்யூவில் ஏரிப்பக்கம் திரும்பினால் பத்து நிமிடத்தில் சட்டாக்குவா ஏரிக்கரை வந்துவிடும். தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையிலிருந்த அப்பா 1915இல் டைஃபாய்டில் இறந்தபோது லூசிக்கு மூன்றரை வயது. அதன்பின் வளர்ந்தது இந்தச் சிற்றூரில், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வீட்டில். லேத் பட்டறையில் வேலை பார்த்த தாத்தா ஃபிரெட் ஹன்ட்தான் பேத்தியை வாடவில் என்ற பல்சுவை மேடை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப் போனவர். அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றும் இருந்தது. 1927இல் வீட்டு முற்றத்தில் நடந்த துப்பாக்கி விபத்தில் பக்கத்து வீட்டுப் பையன் முடங்கிப்போக, வழக்கில் வீடே கைவிட்டுப் போனது. வீடு இருக்கும் தெருவுக்கு இப்போது லூசி லேன் என்று பெயர். வீடு தனியார் சொத்து. சாலையில் நின்று பார்க்கலாம், வாசலேறக் கூடாது.

டன்ஹாம் அவென்யூவில் உள்ள நினைவுப் பூங்காவில் இரண்டு வெண்கலச் சிலைகள் உண்டு. 2009இல் வைத்த முதல் சிலை, கையில் மருந்துப் பாட்டிலும் கரண்டியுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கும். ‘பயமுறுத்தும் லூசி’ என்று உலகம் முழுக்க இணையத்தில் கேலிக்கு ஆளானது. 2016 ஆகஸ்ட் 6இல் கேரோலின் பாமர் செய்த புதுச் சிலையைத் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் பழையதையும் தூக்கி எறியவில்லை, பூங்காவிலேயே வைத்திருக்கிறார்கள். புதியது அழகு, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய நகைச்சுவை பழைய சிலை குறிவைத்த இடத்தில்தான் இருக்கிறது, குறி தவறிவிட்டது என்பதுதான் கோளாறு. அந்தப் பாட்டில் 1952 மே 5இல் வந்த, லூசி ஒரு டானிக் விளம்பரத்தில் நடிக்கும் எபிசோடிலிருந்து வந்தது. சத்து டானிக் என்று கொடுத்ததில் 23 சதவீதம் ஆல்கஹால். ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி உள்ளே போகிறது. முதல் கரண்டியில் முகம் அஷ்டகோணலாகும். அடுத்தடுத்து அந்தக் கோணல் குறைந்து, டானிக் பிடித்துப்போவதும் நாக்கு குழறுவதும் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு சொல்தான் தடம் மாறும், மொத்தமும் ஒரேயடியாகக் கவிழாது.

இதைப் பார்த்துவிட்டு நகரத்தில் மேற்கு மூன்றாம் தெருவிலுள்ள லூசில் பால் – டெசி ஆர்னாஸ் மியூசியத்துக்கு வந்தால் காட்சிகளுக்கு அர்த்தம் கூடும். அங்கே அதே விளம்பர வசனத்தை நாமே பேசிப் பார்க்க ஒரு காமிரா மேடை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோர் முதல் வரியிலேயே குடிகாரராகிவிடுவார்கள். பிறகு ஏற இடமில்லாமல் சிரிப்பு நின்றுவிடும். முதல் தடவை சுத்தமாகப் பேசிப் பாருங்கள், வித்தை எங்கே என்று பிடிபடும்.

மியூசியத்துக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நியூயார்க் அடுக்குமாடி வீட்டு செட்டையும் ஹாலிவுட் ஓட்டல் அறை செட்டையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். சோபாவை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பதாகவும், அவர்களுக்கும் செட்டுக்கும் நடுவே மூன்று காமிராக்கள் உருள்வதாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தக் கதையும் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

1951 வரை பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். மேற்குக் கரை நிலையங்களுக்கு, டிவி திரையையே பிலிமில் படமெடுத்த கினெஸ்கோப் பிரதியை அனுப்புவார்கள். மங்கலாக, கலங்கலாக இருக்கும். லூசியும் கணவர் டெசி ஆர்னாஸும் கலிபோர்னியாவை விட்டு நகர மறுத்தார்கள். அங்கிருந்து நேரலை போனால் கிழக்கே கலங்கல் பிரதிதான் போகும். விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் அதற்கு ஒப்பவில்லை. பார்வையாளர்கள் முன்னிலையில் 35 எம்.எம். பிலிமில், மூன்று காமிராவில் ஒரே நேரத்தில் படமெடுப்பது என்று முடிவானது.

சொல்ல எளிது. சினிமாவில் ஷாட்டுக்கு ஷாட் லைட்டிங் மாறும். இங்கே குளோசப்பும் வைட் ஷாட்டும் ஒரே நொடியில் ஓடுகின்றன. தரையில் ஸ்டாண்டு வைத்தால் இன்னொரு காமிராவின் பார்வையில் வந்து நிற்கும். ஜெர்மனியிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளைப் பெரும்பாலும் மேலே ஏற்றி, செட் முழுக்கச் சமமான வெளிச்சம் பரப்பினார். டிவி ஒளிபரப்பில் கறுப்பு–வெள்ளை வித்தியாசம் தானாகவே கூடிவிடும் என்பதால் படத்தில் அதைக் குறைத்தே வைத்தார். செட்டின் சுவர்களுக்குப் பூசியது சாம்பல் நிறத்தின் பல படிகள். நடுக் காமிரா வைட், பக்கத்துக் காமிராக்கள் குளோசப். மூன்று சுருளையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்க, மூன்று படத்தலையும் ஒரு ஒலித்தலையும் வைத்துத் தனியாக ஒரு மூவியோலா, அதாவது எடிட்டிங் இயந்திரம், செய்து வாங்கினார்கள். எடிட்டிங் அறையில் அதற்கு ‘மூன்று தலை அரக்கன்’ என்று பெயர்.

எழுத்து மேசையிலும் இதே ஒழுங்குதான். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கேரல் ஜூனியர் மூவரும் எழுதும் ஸ்கிரிப்டில், லூசி உடம்பால் செய்ய வேண்டியதெல்லாம் பெரிய எழுத்தில் டைப் செய்யப்பட்டிருக்கும். ஒரு வித்தை ஒரு பெண்ணால் செய்யக்கூடியதுதானா என்று மேட்லின் பியூ முதலில் தானே செய்து பார்ப்பார். 1952 செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலை எபிசோடில் லூசிக்குப் பக்கத்தில் நின்று சாக்லேட் தோய்ப்பவர் நடிகை இல்லை, அதைத் தொழிலாகவே செய்துவந்த பெண். அவர் கை போகிற வேகம் நிஜமாக இருப்பதால்தான் லூசியின் தடுமாற்றம் எடுபடுகிறது.

மியூசியத்தில் டெசியின் பகுதியைக் கடந்து போய்விடாதீர்கள். கியூபாவிலிருந்து வந்த இசைக்காரர் அமெரிக்க இல்லத்தரசியின் கணவராக எடுபடுவாரா என்று சிபிஎஸ் தயங்கியது. 1950இல் இருவரும் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்திக் காட்டி அந்தத் தயக்கத்தை உடைத்தார்கள். பிலிமில் எடுக்கும் கூடுதல் செலவுக்காக வாரம் 1,000 டாலர் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டு, பதிலுக்கு பிலிம்களின் உரிமையைத் தம் டெசிலு நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்டார் டெசி. மறு ஒளிபரப்பில் பணம் இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. பிற்பாடு அந்த உரிமையை சிபிஎஸ்ஸுக்கே விற்றார்கள். 1957இல் சுமார் 60 லட்சம் டாலருக்கு ஆர்கேஓ ஸ்டுடியோ வளாகத்தையே வாங்கினார்கள், ஒரு காலத்தில் லூசி சில்லறை வேடங்களுக்குக் காத்துக்கிடந்த அதே ஸ்டுடியோ. 1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்கையும் வாங்கி லூசி நிறுவனத் தலைவரானார். ‘ஸ்டார் டிரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடர்கள் அவர் தலைமையில் வந்தவை. 1967இல் 1.7 கோடி டாலருக்கு நிறுவனத்தை விற்றார்.

1953 ஜனவரி 19 தொடர்பான காட்சிப்பொருள் எது கண்ணில் பட்டாலும் நில்லுங்கள். லூசி பிள்ளைத்தாச்சியானதும் கதையிலும் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சொல்லை வசனத்தில் உச்சரிக்க சிபிஎஸ் விடவில்லை. ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் ஸ்கிரிப்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியிருந்தது. முன்கூட்டியே எடுத்து வைத்த பிரசவ எபிசோடு ஒளிபரப்பான அன்றே சிசேரியனில் நிஜமாகவே மகன் பிறந்தான். பார்த்தவர்கள் சுமார் 4.4 கோடி. மறுநாள் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

மேற்கு இரண்டாம் தெருவில், 2018இல் திறந்த நேஷனல் காமெடி சென்டரை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நுழையும்போது உங்களுக்குப் பிடித்த நகைச்சுவை எது என்று கேட்டுக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். உள்ளே திரைகள் அதற்குத் தக்கபடி மாறும். அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டால் சுற்று முழுக்க உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஜோக்குகளே வந்து விழும், நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். மேடை நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் எழுதிவைத்த குறிப்புத் தாள்கள் இங்கே இருக்கின்றன. வயது வந்தவர்களுக்கான பகுதி தரைக்குக் கீழ்த்தளத்தில் தனியே உள்ளது, குழந்தைகளோடு போனால் தவிர்த்துவிடலாம். இரைச்சல் கொஞ்சம் அதிகம்; முதலில் இங்கே வந்துவிட்டால் மியூசியம் சப்பென்று தோன்றும். இரண்டுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு கிடைக்கும். பருவத்துக்கேற்பத் திறக்கும் நாட்கள் மாறுவதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் லேக் வியூ கல்லறைத் தோட்டம். 1989 ஏப்ரல் 26இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்த லூசியின் அஸ்தி முதலில் ஹாலிவுட் பக்கம்தான் இருந்தது. 2002இல் பிள்ளைகள் இங்கே கொண்டுவந்து, தாய்வழிக் குடும்பத்தின் இடத்தில் வைத்தார்கள். தோட்டம் பெரிது, அலுவலகத்தில் இடம் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

எப்போது போவது? ஆகஸ்ட் மாதம் லூசில் பால் காமெடி விழா நடக்கும். ஊர் களைகட்டும், அறை கிடைப்பதுதான் பாடு. பல மாதம் முன்னதாகவே பிடித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரியில் தங்கி வந்துபோகலாம். கூட்டம் வேண்டாதவர்களுக்கு மே கடைசியும் செப்டம்பரும் தோது. நவம்பர் முதல் மார்ச் வரை ஈரி ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டில் பனியாகக் கொட்டும். ஏரிக்கரையில் வெயிலடித்தாலும் 60ஆம் எண் சாலையில் ஏற ஏறப் பார்வை மறையலாம். அந்த மாதங்களில் வந்தால் பனி டயர் போட்ட வண்டியில், பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுங்கள்.